சிலிண்டரா, டைல்யூட்டரா, நிறமாலை நூலகமா? மணலி, எண்ணூர் பக்கம் எஃப்டிஐஆர் வைத்து வாயு அளப்பவர்களுக்கு

எஃப்டிஐஆர் (வாயுவின் ஊடே அகச்சிவப்பு ஒளியை விட்டு, எந்த அலையில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்து வாயுவை அளக்கும் கருவி) வாங்கும்போது எல்லாரும் கருவியின் விலையைத்தான் பேரம் பேசுகிறோம். அதை எதை வைத்துக் காலிபரேட் செய்யப்போகிறோம், அதாவது அளவு தெரிந்த எந்த வாயுவைக் காட்டி அதன் எண்ணைச் சரிசெய்யப்போகிறோம் என்ற பேச்சு, கருவி வந்து இறங்கி, விற்றவர்களின் ஆள் பயிற்சி கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் வருகிறது. அப்போது கையில் மிச்சம் இருப்பது இரண்டு சிலிண்டருக்கான காசு. அந்த இரண்டு சிலிண்டரை வைத்துக்கொண்டு பத்து வாயுவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மணலி, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு என்று இந்தப் பக்கம் சிம்னியிலும் வேலியோரக் காற்றிலும் அளக்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அளவு தெரிந்த வாயுச் சிலிண்டர்களாக வாங்கி அடுக்கலாமா, அடர்த்தியான வாயுவை நீர்க்கச் செய்யும் டைல்யூட்டர் ஒன்று வாங்கிவிடலாமா, இல்லை கருவியோடு வந்த நிறமாலை நூலகமே (ஒவ்வொரு வாயுவும் எந்த அலையில் எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்ற பதிவுகளின் தொகுப்பு) போதுமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவிக்கு ஒரு வழி என்று பார்க்காதீர்கள், வாயுவுக்கு ஒரு வழி என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடு, மீத்தேன் மாதிரி குழாயில் ஒட்டாமல் ஓடிவிடும் வாயுக்களுக்கு நல்ல சான்றிதழுள்ள சிலிண்டரும் ஒரு டைல்யூட்டரும் போதும். அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் ஃபுளோரைடு மாதிரி தொட்ட இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் வாயுக்களுக்கு அந்த ஏற்பாடு உதவாது. அதற்குச் செலவும் வேறு, பொறுமையும் வேறு. நூலகத்தை இரண்டுக்கும் துணையாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி அறிக்கையில் எண் எழுதக் கூடாது.

ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், நம் ஊரில் இந்த எண்களுக்கு விலை உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் எண்ணூர் பெரியகுப்பம் அருகே ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, கண் எரிந்து மூச்சு முட்டிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அப்போது ஆலை வாசலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. 24 மணி நேரச் சராசரிக்கான தேசியத் தரம் 400 மைக்ரோகிராம். இரண்டையும் பிபிஎம்மாக (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று) மாற்றிப் பாருங்கள்: ஒன்று 3 பிபிஎம், இன்னொன்று 0.6-க்கும் கீழே. ஆக, ஊரே வீதிக்கு வந்த இரவுக்கும் சாதாரண நாளுக்கும் உள்ள வித்தியாசம் அரை பிபிஎம்முக்கும் மூன்று பிபிஎம்முக்கும் நடுவில்தான் இருக்கிறது. 50 பிபிஎம் சிலிண்டர் ஒன்றைக் கருவியின் முதுகில் செருகி, ஒரே ஒரு புள்ளியில் காலிபரேட் செய்துவிட்டு, அந்த இடைவெளியில் கருவி என்ன காட்டினாலும் நம்பிக்கொள்ள வேண்டும் என்றால் அது எப்படி முடியும்?

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. பாடப்புத்தகத்தில் பீர்–லாம்பர்ட் விதி நேர்கோடு: வாயுவின் அளவு இரட்டித்தால் உறிஞ்சலும் இரட்டிக்கும். கருவியில் அந்தக் கோடு வளையும். கார்பன் மோனாக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள், அது ஒரு சென்டிமீட்டருக்கு 2143 அலைகள் என்ற இடத்தைச் சுற்றிச் சீப்பின் பற்களைப்போல வரிசையாக உறிஞ்சும். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒவ்வொரு பல்லின் அகலமும் அதே கணக்கில் 0.1-ஐ ஒட்டித்தான் இருக்கும். களத்தில் நாம் ஓட்டும் கருவியின் பிரிதிறனோ (எவ்வளவு நெருக்கமான அலைகளைப் பிரித்துப் பார்க்கும் என்பது) அதே கணக்கில் 4 அல்லது 8. பல்லின் நடுவில் ஒளி முழுக்க விழுங்கப்பட்ட பிறகும், இடைவெளியில் வரும் ஒளியோடு சேர்த்துச் சராசரியாகத்தான் கருவி அதைப் பார்க்கிறது. அதனால் அளவு ஏற ஏற உயரம் மந்தமாகத்தான் ஏறும். கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு, மீத்தேன் எல்லாம் இந்தக் குணம் உள்ளவை. ஜீரோவும் (வாயு இல்லாத புள்ளி) ஒரு ஸ்பானும் (வரம்பின் மேல்பக்கப் புள்ளி) மட்டும் வைத்து இவற்றைக் காலிபரேட் செய்தால் நடுவில் உள்ள எண்கள் எல்லாம் ஊகம்தான். குறைந்தது நாலைந்து புள்ளி வேண்டும். சிலிண்டரா டைல்யூட்டரா என்ற கேள்வியே இங்கிருந்துதான் கிளம்புகிறது.

இன்னொன்று, கருவி எண்ணுவது பிபிஎம்மை இல்லை, ஒளிப்பாதையில் உள்ள மூலக்கூறுகளை. செல் (வாயு நிறைந்திருக்க ஒளி கடந்து போகும் அறை) 180 டிகிரியில் இருந்தால், அதே பிபிஎம்முக்கு 30 டிகிரியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு மூலக்கூறுகள்தான் உள்ளே இருக்கும். அழுத்தமும் அப்படியே. சென்னையின் காற்றழுத்தம் மே மாதத்துக்கும் ஜனவரிக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் மாறும், அது பரவாயில்லை. ஆனால் ஃபில்டரில் தூசி அடைத்துப் பம்ப் இழுத்து இழுத்துச் செல்லுக்குள் 50 மில்லிபார் குறைந்தால் உங்கள் எண்ணில் ஐந்து சதவீதம் காணாமல் போகும். செல்லில் அழுத்த உணரி இல்லாமல், மென்பொருளில் 1013 மில்லிபார் என்று நிலையாக அடித்து வைத்திருக்கும் கருவியை எந்த சிலிண்டராலும் காப்பாற்ற முடியாது.

சரி, முதலில் நூலகம். கருவியோடு வரும் நூலகம் பெரும்பாலும் அதே மாதிரிக் கருவியில், அதே செல் வெப்பநிலையில், தயாரிப்பாளரின் இடத்தில் எடுத்தது. அதற்கு வெளியே பொதுவில் கிடைப்பவையும் உண்டு. ஹைட்ரான் தரவுத்தளம் அமெரிக்க விமானப்படையின் ஆய்வகத்தில் தொடங்கி, இப்போது ஹார்வர்டு–ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தின் பராமரிப்பில் இருக்கிறது. அதிலுள்ள கோடுகளை வைத்து எந்த வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் நிறமாலையைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் அளந்து வைத்திருக்கும் நிறமாலைகள் அருமையானவை, ஆனால் அவை 5, 25, 50 டிகிரியில் எடுத்தவை, 180 டிகிரி செல்லுக்கு அப்படியே பொருத்த முடியாது.

நூலகத்தின் பலம், சிலிண்டர் கிடைக்காத நூற்றுக்கணக்கான வாயுக்களுக்கும் அதில் இடம் இருப்பது. சிம்னியில் என்னென்ன இருக்கிறது என்று தேடவும், ஒன்றின் மேல் ஒன்று விழும் பட்டைகளைப் பிரிக்கவும் அது இல்லாமல் முடியவே முடியாது. உதாரணத்துக்கு அம்மோனியாவின் இரண்டு கூர்முனைகள் அதே சென்டிமீட்டர் கணக்கில் 930-லும் 967-லும் இருக்கின்றன, எத்திலீன் 949-ல் அவற்றுக்கு நடுவில் வந்து உட்காரும். சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் அளப்பவர்களுக்கு இது தினப்படி விஷயம். பலவீனம் என்னவென்றால், கண்ணாடி கொஞ்சம் நகர்ந்தாலோ மங்கினாலோ உங்கள் கருவியின் கோட்டு வடிவம் நூலகத்தில் இருப்பதிலிருந்து விலகிவிடும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குண்டும் குழியுமாகக் கருவியை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறோம், அது தயாரிப்பாளரின் இடத்தில் இருந்த அதே கருவிதான் என்று எதை வைத்துச் சொல்வது? அதற்குத்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் முறை 320 (எஃப்டிஐஆரால் சிம்னி வாயுவை அளப்பதற்கான வழிமுறை) எத்திலீன் சிலிண்டர் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னும் பின்னும் அந்த எத்திலீனை ஓட்டிப் பார்த்து, பழைய நிறமாலையோடு ஒத்துப்போனால் ஒளிப்பாதையின் நீளமும் பிரிதிறனும் மாறவில்லை என்று ஆகிறது. எத்திலீன் ஒட்டாது, சிலிண்டரில் நீண்ட நாள் கெடாது. நூலகத்தை நம்பப் போகிறவர் இந்த ஒரு சிலிண்டரில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது.

கசிவு தேடுவதற்கு, முதல் கட்ட ஆய்வுக்கு, கொடுங்கையூர் குப்பைக்கிடங்கு மாதிரி இடத்தில் என்ன வருகிறது என்று பார்ப்பதற்கு நூலகமும் எத்திலீனும் போதும். வரம்பை மீறியதா இல்லையா என்று ஒருவருக்கு நோட்டீஸ் போகப் போகும் எண்ணுக்குப் போதாது.

அடுத்தது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சிலிண்டர். இதைவிட நேரடியான வழி இல்லை. ஆடிட் வருகிறவருக்கும் பிடிக்கும், சான்றிதழைக் காட்டினால் பேச்சு முடிந்தது. ஆனால் எட்டு வாயு, நாலு புள்ளி என்றால் முப்பத்திரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி வேறு, அம்மோனியா மாதிரி வாயுக்களுக்கு அது சீக்கிரமே வந்துவிடும். பல வாயுக்களை ஒரே சிலிண்டரில் கலந்து வாங்கிச் சிக்கனம் பார்க்கலாம், ஆனால் எல்லாம் சேராது. அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் சேர்ந்தால் வெள்ளைப் பொடியாகிவிடும், நைட்ரிக் ஆக்சைடு காற்றோடு சேர்ந்தால் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறும் என்பதால் அதை நைட்ரஜனில்தான் நிரப்ப வேண்டும்.

சிலிண்டர் வாங்குகிறவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் சான்றிதழ். நீங்கள் 100 பிபிஎம் கேட்டீர்கள், அவர்கள் நிரப்பியது 96.4 என்றால் அது தவறு இல்லை. கேட்ட அளவுக்கு எவ்வளவு பக்கத்தில் நிரப்பினார்கள் என்பது ஒரு சதவீதம், நிரப்பியதை எவ்வளவு நிச்சயமாக அளந்தார்கள் என்பது இன்னொரு சதவீதம். நமக்கு வேண்டியது இரண்டாவது. கொட்டேஷனில் பிளஸ் ஆர் மைனஸ் 5 சதவீதம் என்று மட்டும் போட்டிருந்தால் அது எந்த ஐந்து என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த மதிப்பு டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் தரப்பொருளோடோ, அதற்கு ஈடான வெளிநாட்டு நிறுவனத்தின் தரப்பொருளோடோ சங்கிலி அறாமல் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரெகுலேட்டரும் முக்கியம்: கார்பன் மோனாக்சைடுக்கும் மீத்தேனுக்கும் பித்தளை போதும், அம்மோனியாவுக்குப் பித்தளை ஆகவே ஆகாது, அதைத் தின்றுவிடும், கந்தக டை ஆக்சைடுக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்கும் எவர்சில்வர்தான். சிலிண்டரில் அழுத்தம் 7 பாருக்குக் கீழே போனால் நிறுத்திவிடுங்கள், கடைசிச் சொட்டு வரைக்கும் ஓட்டினால் உள்சுவரில் ஒட்டியிருந்ததெல்லாம் கிளம்பி வந்து எண்ணை மாற்றும்.

டைல்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு மிச்சமாவதும் இதில்தான், கண்ணுக்குத் தெரியாமல் பிழை ஏறுவதும் இதில்தான். யோசனை எளிது: அடர்த்தியான ஒரு சிலிண்டர், சுத்தமான நைட்ரஜன் ஒரு சிலிண்டர், நடுவில் இரண்டு எம்எஃப்சி (வாயுவின் ஓட்டத்தை அளந்து கட்டுப்படுத்தும் கருவி). இரண்டின் ஓட்டத்தையும் மாற்றி மாற்றி வேண்டிய புள்ளிகளை எல்லாம் செய்துகொள்ளலாம். 500 பிபிஎம் கந்தக டை ஆக்சைடை நிமிடத்துக்கு 100 மில்லி, நைட்ரஜனை 4,900 மில்லி விட்டால் 10 பிபிஎம். காகிதத்தில் கச்சிதம்.

இப்போது எம்எஃப்சியின் விவரச்சீட்டைப் பாருங்கள். முழு அளவில் ஒரு சதவீதம் என்று போட்டிருக்கும். சிறிய எம்எஃப்சியின் முழு அளவு 500 மில்லி என்றால் ஒரு சதவீதம் 5 மில்லி; நீங்கள் ஓட்டுவது 100 மில்லி, ஆக அங்கே பிழை ஐந்து சதவீதம். பெரியதின் முழு அளவு 5,000 மில்லி என்றால் 50 மில்லி, 4,900-ல் அது ஒரு சதவீதம். சிலிண்டரின் இரண்டு சதவீதத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் ஐந்தரை சதவீதத்தில் வந்து நிற்கும். இரண்டு சதவீதச் சிலிண்டருக்குக் காசு கொடுத்துவிட்டு ஐந்தரை சதவீத வாயுவைக் கருவிக்குள் விடுகிறோம். இதே 10 பிபிஎம்மை 100 பிபிஎம் சிலிண்டரிலிருந்து 500 மில்லிக்கு 4,500 மில்லி என்று செய்தால் சிறிய எம்எஃப்சி முழு அளவில் ஓடும், பிழை பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே ஒரே ஒரு அடர்த்தியான சிலிண்டரை வைத்து எல்லா வரம்பையும் செய்துவிடலாம் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். பத்து மடங்குக்குமேல் நீர்க்கச் செய்ய வேண்டியிருந்தால் இன்னொரு சிலிண்டர் வாங்குவதுதான் மலிவு.

எம்எஃப்சி இரண்டும் வேறு வேறு கம்பெனி என்றால் ஒன்று 0 டிகிரி லிட்டரையும் மற்றது 20 டிகிரி லிட்டரையும் காட்டலாம், ஏழு சதவீதம் அங்கேயே போச்சு. ஒரே அடிப்படையில் இருந்தால் விகிதத்தில் அடிபட்டுவிடும். சொனிக் துளை (வாயு ஒலி வேகத்தில் பாயும் நுண்துளை) வைத்த டைல்யூட்டர்களில் இந்தத் தொல்லை குறைவு. துளையின் இரண்டு பக்க அழுத்தமும் சரியாக இருந்தால் ஓட்டம் அசையாது, ஆனால் வரும் விகிதங்கள் துளை எத்தனை உண்டோ அத்தனைதான், தூசியும் அதற்கு எதிரி. எந்த வகையாக இருந்தாலும் அதே அமெரிக்க முகமையின் முறை 205 சொல்கிறபடி சோதித்துக்கொள்ளுங்கள்: இரண்டு நீர்ப்பு அளவுகளைச் செய்து கருவியில் விடுவது, அப்புறம் நீர்க்காத இன்னொரு சிலிண்டரை நேராக விடுவது, எல்லாம் கணக்கிட்ட மதிப்புக்கு இரண்டு சதவீதத்துக்குள் வர வேண்டும். அந்த இன்னொரு சிலிண்டரை முடிந்தால் வேறு கம்பெனியில் வாங்குங்கள். ஒரே இடத்தில் ஒரே தாய்க் கலவையிலிருந்து பிறந்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதில் பயன் இல்லை.

ஒட்டாத வாயுக்களுக்கு இந்த ஏற்பாட்டைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஒவ்வொரு வாயுவுக்கும் வரம்பின் மேல்பக்கம் ஒரு சிலிண்டர், நடுவில் சாட்சிக்கு ஒன்று, மற்றதெல்லாம் டைல்யூட்டர்.

ஒட்டும் வாயுக்களுக்கு வருவோம். அம்மோனியா 50 பிபிஎம் சிலிண்டரைத் திறந்து சூடான லைன் (கருவிக்கு வாயுவைக் கொண்டுவரும் குழாய்) வழியாக விட்டுவிட்டுத் திரையைப் பாருங்கள். சட்டென்று முப்பதைத் தாண்டும், அப்புறம் நாற்பது, நாற்பத்து மூன்று, நாற்பத்தைந்து என்று இழுக்கும், நாற்பத்தாறில் வந்து நின்றுவிட்ட மாதிரி தெரியும். பிளாட்பாரத்தில் வெயிலில் நிற்கிற பையன், “அண்ணே, 46-ல நின்னுடுச்சு, என்டர் பண்ணிடவா?” என்பான். “இருப்பா, இன்னும் ஏறுது” என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் என்டர் தட்டி 46-ஐ 50 என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்தால், அதற்குப் பிறகு கருவி காட்டும் எல்லா அம்மோனியாவும் ஒன்பது சதவீதம் கூடுதலாகவே இருக்கும். காலிபரேஷன் செய்யாமல் விட்டிருந்தால்கூட இதைவிடச் சரியாக இருந்திருக்கும். லைனும் ஃபில்டரும் செல்லின் சுவரும் நிறைந்து முடிக்கும் வரைக்கும், சில நேரம் ஒரு மணி நேரம், ஓட்ட வேண்டும். பத்து லிட்டர் சிலிண்டரில் 150 பார் என்றால் கிட்டத்தட்ட 1,500 லிட்டர் வாயு. கார்பன் மோனாக்சைடை நிமிடத்துக்கு மூன்று லிட்டர் வீதம் பத்து நிமிடம் விட்டால் முப்பது லிட்டர், நாற்பது ஐம்பது தடவை வரும். அம்மோனியாவுக்கு ஒரு தடவைக்கே 180 லிட்டர், எட்டு தடவையில் சிலிண்டர் காலி.

இதற்கு மாற்று இரண்டு. ஒன்று பெர்மியேஷன் குழாய்: சிறிய டெஃப்லான் குழாய்க்குள் திரவ அம்மோனியா, அது சுவர் வழியாக மெல்ல மெல்லக் கசிந்து வரும். கசியும் வேகத்தைக் குழாயின் எடை குறைவதை வைத்தே அளக்கலாம், தராசைத் தவிர வேறு சாட்சி வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 1,000 நானோகிராம் கசியும் குழாயை நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நைட்ரஜனில் வைத்தால் 1.4 பிபிஎம். எண்ணூர் வேலியோரத்தில் நமக்கு வேண்டிய வரம்பு இதேதான், இந்த வரம்பில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அடுப்பின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் கசிவு பத்து சதவீத அளவுக்கு மாறிவிடும், ஆக 0.1 டிகிரிக்குள் பிடித்து வைக்க வேண்டும். கரண்ட் போய்விட்டு வந்தால் திரும்ப நிலைப்பட மணிக்கணக்காகும். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்று மின்சாரத்தை நிறுத்தி வைக்கும் பகுதிகளில் வேலை செய்கிறோம், யுபிஎஸ் இல்லாமல் இதை வாங்காதீர்கள்.

இன்னொன்று ஆவியாக்கி. தெரிந்த அளவு வாயு கரைந்த தண்ணீரைச் சிறிய பம்ப் மூலம் 180 டிகிரி அடுப்புக்குள் சொட்டவிட்டு, நைட்ரஜனோடு சேர்த்து அனுப்புவது. சிம்னி வேலைக்கு என் வாக்கு இதற்குத்தான். நிமிடத்துக்கு அரை கிராம் தண்ணீரும் மூன்று லிட்டர் நைட்ரஜனும் விட்டால் ஈரம் பதினெட்டு சதவீதம் ஆகிவிடும், உண்மையான சிம்னி வாயுவில் இருப்பது மாதிரியே. ஒரு கிராம் தண்ணீரில் மூன்றில் ஒரு மில்லிகிராம் ஹைட்ரஜன் குளோரைடு கலந்திருந்தால் வெளியே வருவது 30 பிபிஎம். 2016 திடக்கழிவு விதிகளில் குப்பை எரிப்பானுக்குப் போட்டிருந்த ஒரு கன மீட்டருக்கு 50 மில்லிகிராம் வரம்பு கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் விழுகிறது. ஹைட்ரஜன் ஃபுளோரைடுக்கு அந்த விதிகளில் இருந்த வரம்பு 4 மில்லிகிராம், ஐந்து பிபிஎம்முக்கும் கீழே, அதைச் சிலிண்டரில் நிலையாக வைத்திருப்பது பெரும் பாடு. கரைசலாகச் செய்வது அதைவிட எளிது, கையாளும்போது மட்டும் உயிர்ப்பயம் இருக்க வேண்டும். கொடுங்கையூரில் குப்பை எரிக்கும் ஆலை வேண்டும், வேண்டாம் என்ற வாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், இந்த இரண்டு வாயுக்களைச் சரியாக அளக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இருந்தாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஆவியாக்கியில் இன்னொரு நன்மை, கரைசலை டைட்ரேஷன் செய்து நாமே உறுதிப்படுத்திக்கொள்ளலாம். பியூரெட்டைக் கையில் பிடிக்கத் தெரிந்த வேதியியலாளர் மணலியில் எந்த ஆலையிலும் இருப்பார். ஈரத்தோடு வருவதால் வாயு சுவரில் ஒட்டுவதும் குறையும், எண் சீக்கிரம் நிலைக்கும். கூடவே வெறும் தண்ணீரை மட்டும் விட்டு நீராவியின் நிறமாலையைப் பல அளவுகளில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். நைட்ரிக் ஆக்சைடின் 1876, கந்தக டை ஆக்சைடின் 1362 பட்டைகள் மேல் நீராவி படுத்துக் கிடக்கும் என்பதால் இது இல்லாமல் அவற்றையும் சரியாக எடுக்க முடியாது. குறை என்னவென்றால் பம்ப் துடித்தால் எண் துடிக்கும், குமிழ் ஒன்று போனால் ஒரு நிமிட அளவீடு போச்சு.

எந்த வழியைத் தேர்ந்தாலும் வாயுவை எங்கே விடுகிறீர்கள் என்பது தேர்வைவிடப் பெரிய விஷயம். கருவியின் பின்பக்கத்தில் விட்டால் கருவியைத்தான் சோதிக்கிறீர்கள். புரோப் (சிம்னிக்குள் நீட்டி வாயுவை இழுக்கும் குழாய்) நுனியில் விட்டால் ஃபில்டர், லைன், குளிர்ந்துபோன ஒரு ஃபிட்டிங் எல்லாவற்றையும் சேர்த்துச் சோதிக்கிறீர்கள். லைனில் ஓர் இடம் சூடாகாமல் இருந்தால் அம்மோனியா அங்கேயே தங்கிவிடும், கருவி மட்டும் நூறு சதவீதம் சரியாக இருக்கும். முறை 320-ன் ஸ்பைக் சோதனை இதைவிட ஒரு படி மேல்: உண்மையான சிம்னி வாயு ஓடிக்கொண்டிருக்கும்போதே மொத்த ஓட்டத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போகாமல் ஸ்பைக் வாயுவைக் கலந்து, போட்டதில் எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்ப்பது, 70-லிருந்து 130 சதவீதத்துக்குள் வர வேண்டும். எவ்வளவு கலந்தது என்று தெரிய சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடைத் தடயமாகச் சேர்ப்பார்கள். அதன் கூர்முனை 948-ல், அம்மோனியாவின் இரண்டு முனைகளுக்கு நடுவில் விழும், ஆகவே மென்பொருள் இரண்டையும் பிரிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடிய வாயு செல், பாலிஸ்டைரின் படலம் இவற்றை மாற்று வழி என்று சொல்லி விற்பதும் உண்டு. பாலிஸ்டைரின் அலை எண் நகர்ந்ததா என்று காட்டும், மூடிய செல் நேற்று மாதிரியே இன்றும் இருக்கிறதா என்று காட்டும். தினசரிச் சோதனைக்கு நல்லது, காலிபரேஷன் அது இல்லை. வெளி ஆய்வகத்துக்குக் கருவியை அனுப்புவதும் அப்படித்தான்: போகும் வழியில் குலுங்கித் திரும்பி வரும் கருவிக்குச் சான்றிதழ் மட்டும் நேராக இருக்கும். சிம்னியில் அவர்களே வந்து இணையாக அளந்து ஒப்பிட்டால் அதற்குக் காசு கொடுக்கலாம்.

ஆலையில் நிரந்தரமாகச் சிம்னியில் மாட்டியிருப்பவர்கள், வாயுக்கள் நாலைந்து மட்டும் என்றால், சிலிண்டர்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் டைல்யூட்டரின் விகிதத்தை யாராவது மாற்றி வைத்துவிடுவார்கள். அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடுக்கு மட்டும் ஆவியாக்கி உள்ள ஆய்வகம் ஒன்றை வரவழைத்துப் புரோப்பில் விட்டுப் பாருங்கள். இடம் இடமாகப் போய் அளக்கும் ஆய்வகம் என்றால் டைல்யூட்டரும் ஆவியாக்கியும்தான், வேறு வழியில் கட்டுப்படியாகாது. வேலியோரக் காற்றைக் கண்காணிப்பவர்கள், கல்லூரிகள், மீனவக் குப்பங்களுக்காக வேலை செய்யும் குழுக்கள் பெர்மியேஷன் அடுப்பில் காசைப் போடுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்காக எஃப்டிஐஆர் வாங்குவதாக இருந்தால் மட்டும் வேண்டாம், அது அகச்சிவப்பில் மிகப் பலவீனமாகத்தான் தெரியும். நாற்றம் மூக்கைத் துளைத்தாலும் கருவி ஒன்றும் இல்லை என்று காட்டும்.

கடல் ஓரத்துக்கென்று ஒரு விஷயம். இங்கே பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரியில் இருக்கும் நாட்களில் காற்றில் மூன்று சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். பொட்டாசியம் புரோமைடு ஒளிப்பிரிப்பான் உள்ள கருவியில் சிலிக்கா ஜெல் நிறம் மாறுவதைக் கவனிக்காமல் விட்டால் அது பூத்துப்போகும், ஒளி குறையும், அதுவரை செய்த காலிபரேஷன் எல்லாம் மெல்ல மெல்லச் செல்லாமல் போகும். துத்தநாக செலினைடு ஈரத்துக்கு அஞ்சாது, வாங்கும்போதே கேளுங்கள். ஏசி நின்றுபோகும் ஷெல்டரில் உலர்ந்த நைட்ரஜனால் கருவியின் உள்ளே ஊதிக்கொண்டே இருப்பது நல்லது.

கைவசம் காசு குறைவு என்றால் டைல்யூட்டரை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம், ஆவியாக்கியை இரண்டு மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். எத்திலீன் சிலிண்டரையும் செல்லின் அழுத்த உணரியையும் மட்டும் கருவிக்குப் போடும் அதே பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதிவிடுங்கள். கருவி புதிதாக இருக்கும்போது எடுத்த எத்திலீன் நிறமாலை கையில் இல்லாவிட்டால், இரண்டு வருடம் கழித்து ஓட்டும் எத்திலீனை ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.